தூண்டில் விழுமுன் சொன்ன அளவு

2025 மே 3, சனி

தரம் பத்து விடைத்தாள்கள் இன்னும் பாதி திருத்தாமல் கிடக்கின்றன. அஸர் தொழுகைக்குப் பிறகு ஹிஷாம் வந்தார், கல்முனையில் தூண்டில் சாமான் கடை வைத்திருப்பவர், எங்கள் நன்னீர்த் தூண்டில் கழகத்தின் தலைவர். தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: இறுதிப் போட்டியில் மர்சூக்கின் வள்ளத்தில் நான் நடுவராக ஏற வேண்டுமாம்.

சம்மாந்துறை மர்சூக். உழவு இயந்திரம் திருத்துகிறவர். சாகாமம் குளத்தில் நடந்த தகுதிச் சுற்றில் மற்றவர்கள் ஒரு விரால் கூடக் காணாமல் வெயிலில் காய, அவர் ஆறு பிடித்தார். எல்லாருக்கும் சந்தேகம். முதல் நாளே மீனைப் பிடித்துக் கூட்டில் போட்டு, தண்ணீருக்குள் மரத்தில் கட்டி வைத்துவிட்டு வருகிறார் என்று கதை. வெல்கிறவர் மலேசியாப் போட்டிக்குப் போவார், தூண்டில் தடி செய்யும் றொட் கொம்பனியின் ஒப்பந்தமும் கிடைக்கும். அதனால் கோபமும் பெரிது.

"நீங்க சயன்ஸ் சேர். உங்கட கண்ணுக்குத் தப்பாது" என்றார் ஹிஷாம்.

எனக்குத் தூண்டில் போடப் பிடிக்கும். போட்டியில் வெல்லத்தான் வராது. அதனால்தான் நடுவர். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

மே 16, வெள்ளி

நாளை புளியடிக் குளம். அளவுப் பலகையைக் கழுவிக் காயவைத்தேன். மீனை அதில் கிடத்தி, மூக்கிலிருந்து வால் நுனி வரை சென்ரிமீற்றரில் அளந்து, படம் எடுத்து, உயிரோடு திருப்பி விட வேண்டும். இரண்டு நாளும் பிடிக்கும் மீன்களின் நீளத்தைக் கூட்டுவார்கள். நடுவர் றொட்டைத் தொடக் கூடாது, இடம் காட்டக் கூடாது. பார்ப்பது மட்டும்தான்.

மே 17, சனி

மறக்குமுன் எழுதிவிட வேண்டும்.

மர்சூக் குள்ளமான, உடம்பு இறுகிய மனிதர். வயது நாற்பதுக்கு மேல். ஸலாம் சொல்லி வள்ளத்தைத் தள்ளினார். புளியடிக் குளத்தின் மேற்குப் பக்கம் தண்ணீருக்குள் செத்த மரங்கள் நிற்கின்றன, குளத்தைப் பெருப்பித்தபோது மூழ்கிய காடு. மற்ற மரங்களில் நீர்க்காகம் இருந்தது. அந்தப் பக்க மரங்களில் ஒன்றுமில்லை. அங்கேதான் போனார்.

நான் வந்த வேலையைச் செய்தேன். வள்ளத்தை மரத்துக்கு மரம் நிறுத்தச் சொல்லித் தடியால் தண்ணீருக்குள் துழாவினேன். கூடு இல்லை, வலை இல்லை. அவர் கோபிக்கவில்லை. "நல்லாப் பாருங்க சேர்" என்று மட்டும் சொன்னார்.

தூண்டிலில் கட்டிய றப்பர்த் தவளையை எறிவார். அது தண்ணீரில் விழுமுன் அவருடைய உதடு அசையும். திக்ர் செய்கிறார், இறைவன் பெயரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது எறிதலில்தான் காதில் விழுந்தது.

"நாப்பத்தொண்டு."

தவளை விழுந்து, இரண்டு தரம் துள்ளி, தண்ணீர் வெடித்தது. பலகையில் கிடத்தினேன். நாற்பத்தொன்று.

தற்செயல். விரால் பெரும்பாலும் அந்த அளவுதான். அடுத்த எறிதலில் "இல்ல" என்றார், ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்தது "அம்பத்தாறு". மீனை வாங்கி, முதுகைத் திருப்பி, அவருக்குப் பலகை தெரியாமல் அளந்தேன். ஐம்பத்தாறு. அரை சென்ரிமீற்றர் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இப்படியே பகல் முழுக்க. "இல்ல" என்றால் இல்லை. இலக்கம் சொன்னால் அந்த இலக்கம்.

எப்படி என்று கேட்டேன். நடுவர் கேட்கக் கூடாத கேள்வி. "அது எனக்கு விளங்கிறல்ல சேர். வாயில வந்திரும்" என்றார். சொல்லும்போது வெட்கப்பட்டவர் மாதிரி இருந்தார்.

முதல் நாள் முடிய அவர்தான் முன்னுக்கு. கரையில் ஹிஷாம் என்ன கண்டீர் என்று கேட்டார். கள்ளம் இல்லை என்றேன். முகம் கறுத்துப் போய்விட்டது.

மே 18, ஞாயிறு

அதே மரங்கள். காற்று இல்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. லுஹர் நெருங்கும் உச்சி நேரம். இன்னும் இரண்டு மீன் என்றால் மலேசியா அவருக்குத்தான்.

எறிந்தார். தவளை இன்னும் காற்றில்.

"நூத்தி அம்பத்தேழு."

நான் சிரித்தேன். அந்த நீளத்துக்கு இந்தக் குளத்தில் விரால் ஏது? முதலையோ என்று கேட்க வாயெடுத்துத் திரும்பிப் பார்த்தால், மனிதர் வெளிறிப் போய் நிற்கிறார். தவளை விழுந்தது. ஒன்றும் அதைக் கடிக்கவில்லை. ஆனால் நூல் இறுகியது. யாரோ மெதுவாகக் கையில் சுற்றி எடுப்பது போல, அவசரமில்லாமல். மீன் இழுப்பது இப்படி இருக்காது. நான் எத்தனை மீன் பார்த்திருக்கிறேன்.

பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். அறுந்த நுனி தண்ணீருக்குள் போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். "கரைக்குப் போவம் சேர்" என்றார்.

போனால் போட்டி போய்விடும் என்றேன். போகட்டும் என்றார். வழியில் தானாகவே சொன்னார். கேட்டபடியே எழுதி வைக்கிறேன்.

அவர் பிறந்தது மருதமுனையில், நெசவுக் குடும்பம். கலியாணம் முடித்துத்தான் சம்மாந்துறையில் பெண் வீட்டுக்கு வந்தவர். சுனாமி நேரம் இருபத்திரண்டு வயது. தறியில் கிடந்த வெள்ளைத் துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வளவில் இறந்தவர்களுக்குக் கபன் துணி வெட்டினாராம்.

"முதல்ல நாடா வெச்சு அளந்தம். பிறகு நாடாவுக்கு நேரமில்ல, கண்ணால பாத்து வெட்டினன். பிறகு சேர்... மையித்தைக் கொண்டு வாறதுக்கு முன்னமே வெட்டி வெச்சிருப்பன். சரியா இருக்கும்."

அன்றிலிருந்து கடலைப் பார்த்ததில்லையாம். மீன் என்றால் ஆசை, அதனால் குளம். குளத்தில் மீன் அளவு மட்டும் வந்தது, அதைத் தாங்க முடிந்ததாம். மனித அளவு வந்தது இத்தனை வருடத்தில் இன்றுதான்.

"ஆராவது உள்ளுக்குக் கிடக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"இனித்தானோ என்னவோ. அளவுதான் வாற. பேர் வாறல்ல."

பொத்துவில்காரர் ஒருவர் வென்றார். ஹிஷாம் என் தோளில் தட்டினார். நான்தான் மர்சூக்கைப் பயங்காட்டி விலக வைத்தேன் என்று நினைக்கிறார் போல. மர்சூக் கள்ளம் செய்யவில்லை என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். மற்றதை எழுதவில்லை. என்னவென்று எழுதுவது?

மே 21, புதன்

பாடசாலையில் சுகாதாரப் பரிசோதனை. மகள் ஷாஹினா அட்டையைக் கொண்டு வந்து காட்டினாள். "வாப்பா, நான் இப்ப உம்மாவ விட உயரம்."

உயரம்: 157.

மே 22

தற்செயல். பதினைந்து வயதுப் பெண் பிள்ளை. இந்த ஊரில் அந்த உயரத்தில் எத்தனை பேர்.

மே 27, செவ்வாய்

வகுப்பில் பதில் சொல்ல எழுந்து நிற்கும் பிள்ளைகளெல்லாம் இலக்கமாகத் தெரிகிறார்கள். நூற்றைம்பத்திரண்டு, நூற்றறுபது. நான் நினைத்துக்கொள்வதுதான், அளந்து பார்க்கவில்லை. அளந்து பார்க்கவே பயம்.

ஷாஹினா கடலுக்கு ஓடும் தோணா வாய்க்காலைக் கடந்துதான் டியூசனுக்குப் போகிறாள். இந்தக் கிழமை முழுக்க நான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். கிணற்றுக்குப் பலகை போட்டு மூடினேன். தண்ணீர் அள்ள என் மனைவி மைமூனா ஒவ்வொரு தரமும் பலகையைத் தூக்க வேண்டியிருக்கிறது. ஏன் என்று கேட்டாள். பூனை விழும் என்றேன். எங்கள் வீட்டில் பூனை இல்லை.

ஜூன் 2, திங்கள்

ஷாஹினா கடற்கரைக்குப் போகக் கேட்டாள், வேண்டாமென்றேன். அழுதாள். கூட்டாளிகளெல்லாம் போகிறார்களாம். கத்திவிட்டேன். பிள்ளைக்கு முன் கத்தியதில்லை. மைமூனா என்னை ஒரு பார்வை பார்த்தாள், காய்ச்சல் வருத்தக்காரனைப் பார்க்கிற மாதிரி.

நான் படித்தவன். பௌதிகம் படிப்பிக்கிறவன். அந்த நூல் ஏன் அப்படி இறுகியது? கிளையில் சிக்கியிருக்கலாம். சிக்கினால் இழுக்காதே. இழுத்ததே — நான் பார்த்தேனே.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். தொழுதுவிட்டு வந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. ஷாஹினா புது உடுப்போடு வாசலில் நின்று படம் எடுத்தாள். வாசல் நிலையோடு அவள் தலை எங்கே வருகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மர்சூக்குக்குப் போன் எடுத்தேன். மகளின் உயரத்தைச் சொன்னேன். எத்தனை வயது என்று கேட்டார். பிறகு, "நான் வந்து பாக்கிறன் சேர்" என்றார்.

எங்கள் வீட்டுக்கா என்று கேட்டேன். வீட்டிலிருந்து கடல் இரைவது கேட்கும். தெரியும் என்றார்.

ஜூன் 9, திங்கள்

வந்தார். கடல் பக்கம் முதுகைக் கொடுத்து, படலை வாசலுக்குள் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. கை மட்டும் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஷாஹினா தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். ஒரே ஒரு தரம் அவளைப் பார்த்தார். துணி வெட்டுகிறவர் துணியைப் பார்க்கிற மாதிரி.

அவள் உள்ளே போனதும், "இவ இன்னும் வளருவா சேர்" என்றார்.

அப்படியென்றால் இவள் இல்லையா என்று கேட்டேன். தெரியாது என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். குளத்துக்குப் போய் அந்த இடத்தில் இன்னொரு தரம் எறிந்து பார்க்கச் சொன்னேன். அந்த அளவு இன்னும் அங்கே கிடக்கிறதா, போய்விட்டதா — அதை மட்டும் எனக்குச் சொன்னால் போதும் என்றேன். கெஞ்சினேன் என்றுதான் எழுத வேண்டும்.

இனிக் குளத்துக்குப் போகமாட்டேன் என்று மனைவிக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறாராம். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று திரும்பவும் சொன்னேன். அவர் தேத்தண்ணீரை முழுக்கக் குடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"சரி சேர். சனிக்கிழமை போய்ப் பாத்திட்டுச் சொல்றன்."

ஜூன் 14, சனி

விடியப் போயிருப்பார். லுஹர் வரை போன் வரவில்லை. நான் எடுத்தேன், வேலை செய்யவில்லை. குளத்தில் சிக்னல் கிடைக்காது. அப்படித்தான் இருக்கும்.

அஸருக்குப் பிறகு ஹிஷாம் போன் எடுத்தார். புளியடிக் குளத்தில் மர்சூக்கின் வள்ளம் தனியாக மிதக்கிறதாம். றொட் உள்ளே, செருப்பு உள்ளே. ஆளைத் தேடுகிறார்களாம்.

ஜூன் 15, ஞாயிறு

இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

காலையில் குளத்து மீனவர்கள் மர்சூக்கின் மையித்தை எடுத்தார்களாம், அந்தச் செத்த மரங்களுக்குக் கீழே. உடம்பில் காயமில்லை. தண்ணீர் அவ்வளவு ஆழமுமில்லை.

அஸருக்குப் பின் சம்மாந்துறையில் அடக்கினார்கள். நான் ஜனாஸா வீட்டுக்கு நேரத்தோடு போயிருந்தேன். முற்றத்தில் வெள்ளைத் துணியை விரித்து ஒருவர் நாடா தேடினார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். றோட்டில் உழவு இயந்திரமொன்று போய் முடியும் வரை நின்றேன்.

வள்ளத்தில் பக்கத்தில் நின்றவர். என் காதுக்குத்தான் வருவார். அளக்கிறது என் வேலை. அவரை அளந்து பார்க்க ஒரு நாளாவது ஏன் நினைக்கவில்லை?

என் மகளை மட்டும்தான் நினைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

மர்சூக்கின் மனைவி றபீக்கா கதைக்க வேண்டுமென்று தன் காக்காவிடம், மூத்த சகோதரரிடம், சொல்லி அனுப்பியிருந்தா. போனேன். புருசன் இறந்து இத்தாவில், வெளி ஆண்களைக் காணாமல் இருப்பவ, திரைக்குப் பின்னால் இருந்து கதைத்தா. காக்கா பக்கத்தில் இருந்தார்.

ஏசுவா என்று நினைத்துப் போனேன். ஏசவில்லை. அன்றைக்கு, பெருநாள் முடிந்த திங்கட்கிழமை, அவர் எங்கள் வீட்டிலிருந்து திரும்பி வந்து தையல் நாடாவைக் கேட்டாராம்.

"சுவரோட நிண்டு, என்னை அளந்து பாருங்க எண்டார் சேர். நான் பகிடி எண்டு நினைச்சன். அளந்து சொன்னன். சரி எண்டார். ரெண்டாம் தரமும் அளக்கச் சொன்னார். அதே அளவு. பிறகு நிம்மதியாச் சாப்பிட்டார். அந்த அளவு என்னத்துக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

எவ்வளவு என்று கேட்கவுமில்லை. அவவாகச் சொல்லிவிடுவாவோ என்று எழுந்து ஸலாம் சொல்லி வந்துவிட்டேன்.

அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் சனிக்கிழமை போனார். போகாமல் இருந்திருக்கலாமே. றபீக்காவுக்குப் பண்ணிய சத்தியத்தைச் சாட்டி வீட்டில் இருந்திருக்கலாமே. என்னுடைய பயத்தை முடித்து வைக்கப் போனாரா? இல்லை, அந்த நூல் அன்றைக்கே அவரைப் பிடித்துவிட்டதா?

ஆரிட்ட கேக்கிற?

ஜூலை 1

கழகத்திலிருந்து விலகிவிட்டேன். ஹிஷாம் காரணம் கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

மைமூனா கிணற்றுப் பலகையை எடுத்து விறகோடு போட்டிருக்கிறாள். நான் திரும்ப எடுத்து மூடவில்லை.

ஜூலை 25, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்தேன். ஷாஹினாவின் வகுப்பு நாளை சுற்றுலா போகிறதாம், உள்நாட்டுப் பக்கம் ஒரு பெரிய குளத்துக்கு. வள்ளத்தில் ஏற்றிக் காட்டுவார்களாம். கடிதத்தில் என் கையொப்பம் வேண்டும். நான் கத்துவேன் என்று நினைத்து உம்மாவின் பின்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

கையொப்பம் வைத்தேன். "போயிட்டு வா மகள்" என்றேன்.

நம்பாமல் என்னையே பார்த்தாள். பிறகு ஓடிப்போய்க் கூட்டாளிக்குப் போன் எடுத்தாள். நான் உள்ளே பயத்தைத் தேடிப் பார்த்தேன். துளியும் இல்லை. அவளுக்கு இனி ஒன்றும் நடக்காது. அந்த அளவுக்கு உரியவர் போய்விட்டார், நான் கெஞ்சித்தான் போனார்.

நல்லாப் பசித்தது. சோறு போடச் சொன்னேன். மைமூனா போட்டாள். சாப்பிட்டு முடியும் வரை அவளுடைய முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.