மின்னனல் திரை தாங்கியதும் தாங்காததும்

ஏழு மலைமுடிகளையும் ஒரு குடைக்கீழ் ஆளும் செங்கரட்டு நாட்டு மன்னர் நெடுவிறலர், கடலும் கலமும் காக்கும் நீலவாய் நாட்டு அரசியார் ஆழிநங்கையாரின் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் பாய்மரம் குறையாதிருக்க. தங்கள் உப்பளங்களில் வெயில் குறையாதிருக்க. தங்கள் கோல் நெடிது நிற்க.

நலம் கேட்பதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கொற்றி உயிரோடு இருக்கிறார்.

தாங்கள் அனுப்பிய தலைமைக் கம்மியரைச் சிறையில் வைத்தோமா, மண்ணில் வைத்தோமா என்று சென்ற ஓலையில் வினவியிருந்தீர்கள். அந்தச் சினம் நியாயமானதே. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறோம். அவரவர் வாய்ச்சொல்லை மாற்றாமல் பொறிக்குமாறு எழுத்தருக்கும் ஆணையிட்டுள்ளோம்.

வடபுல வேந்தன் கரியாடன் ஆளுயரக் கண்ணாடிகள் நானூறு கொண்டு வெயிலைக் குவித்து ஊர்களை எரித்து வருவதைத் தாங்கள் அறிவீர்கள். எம் தலைநகரில் ஒன்பதாயிரம் பேர். கூரையெல்லாம் மூங்கிலும் புல்லும். யாம் உதவி கேட்டதும், நாற்பது வண்டிக் காந்தக்கற்களோடும், மின்னலைப் பிடித்து அடைத்த செப்புக் குடங்களோடும் கொற்றியை அனுப்பினீர்கள். மின்னல் ஒரு கணம் காட்டி மறைக்கும் அந்த ஒளிரும் காற்றை, கற்களின் பிடியில் நகரைச் சுற்றித் திரையாக நிறுத்துவதே அவர் கலை.

எம் படைத்தலைவர் எயினனார் மகிழ்ந்துபோனார். திரை ஒன்றே நகரைக் காக்கும், வில்லாளிகள் அனைவரையும் வடகணவாய்க்கு அனுப்பிவிடலாம் என்றார். யாமும் தலையசைத்தோம். கொற்றி மட்டும் அசையவில்லை.

"இது வெயிலைத் தடுக்கும், சாமி. அம்பைத் தடுக்காது. உள்ள நிக்கிறவங்களுக்கு வெளிய என்ன நடக்குதுன்னும் தெரியாது. குடத்துல இருக்கிற மின்னல் அரை நாழிகைக்கு மேல வராது. இதை மட்டும் நம்பி ஊரை விடாதீங்க."

எயினனார் அவையிலேயே கத்தினார்: "கடல்நாட்டு அரசி நல்ல சரக்கைத் தன் வீட்டுல வச்சுக்கிட்டு, ஓட்டைச் சரக்கை நம்ம தலையில கட்டியிருக்கா!"

அச்சொல்லை அப்போதே கண்டிக்காதது எமது முதற்பிழை. திரை அம்பைத் தடுத்துவிட்டால், உண்மையை மறைத்த குற்றத்துக்குக் கொற்றியைச் சிறையிடும் ஓலையில் முன்கூட்டியே முத்திரை வைத்தது இரண்டாம் பிழை.

எம் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கவசம் செய்தவரும் அதை நம்பப் போகிறவர்களும் ஒன்றாக அதன் பின் நின்ற பிறகே அது படைக்கொட்டிலுக்குள் நுழையும். ஆகவே யாமும் எயினனாரும் கொற்றியும் ஆற்றுமணலில் நின்றோம். எதிரே முப்பது கண்ணாடிகள். ஐந்து அம்புகள், முனை கழற்றி, சாயவேர்ச் சிவப்பில் தோய்த்த பஞ்சுருண்டை கட்டியவை.

திரை எழுந்தது. சுற்றிலும் ஊதா ஒளி. அதற்கப்பால் ஆறும் இல்லை, மலையும் இல்லை. கண்ணாடிகள் எம் பக்கம் திரும்பிவிட்டன என்று வெளியிலிருந்து முரசொலி சொன்னது. எம் மேல் இளஞ்சூடுகூடப் படவில்லை.

"பாத்தீங்களா மன்னா! இதைப் போய்க் குறை சொன்னா இந்த அம்மா!" என்று எயினனார் சிரித்தார்.

தொப்பென்று எமது மார்பில் ஒன்று விழுந்தது. குனிந்து பார்த்தால் சிவப்பு. நிமிர்வதற்குள் இரண்டாவது, எயினனாரின் மூக்கில்.

கொற்றி மணலில் குந்தியபடி சொன்னார்: "நீங்களும் குனிஞ்சுக்குங்க. இன்னும் மூணு பாக்கி இருக்கு."

அன்று மாலையே திட்டம் மாறியது. வில்லாளிகள் மதிலிலேயே நின்றனர். திரை ஒளியைத்தான் மறைக்கிறது, முரசொலியை மறைக்கவில்லை என்பதை மணலில் கண்டிருந்தோம். எனவே ஒருவர் திரைக்கு வெளியே, காவற்பாறையில் நின்று, கண்ணாடிகள் நகரை நோக்கும்போது ஒரு முழக்கமும் விலகும்போது இரு முழக்கமும் கொடுக்க வேண்டும் என்றார் கொற்றி. அந்த நேரம் மட்டும் திரை எழுந்தால் குடங்கள் பகல் முழுதும் தாங்கும். ஆனால் வெளியே நிற்பவருக்குத் திரை இல்லை.



"நான் நிக்கிறேன். வாய் விட்டவன் நான்தானே," என்றார் எயினனார்.

நான்காம் நாள் நண்பகலில் கரியாடன் வந்தான். பதினொரு முறை முரசு ஒற்றை முழங்கியது. பதினொரு முறை திரை எழுந்தது. அது தாழ்ந்த ஒவ்வொரு இடைவேளையிலும் எம் வில்லாளிகள் கண்ணாடிகளைக் குறிவைத்து உடைத்தனர். கணவாய்க்கு அனுப்பவிருந்த அதே வில்லாளிகள். பத்தாம் முறைக்குப் பின் முரசொலி தடுமாறியது. எயினனாரின் இடக்கை முழங்கை வரை வெந்துவிட்டது என்பதை யாம் பின்னரே அறிந்தோம். வலக்கையால் முழக்கினார். பொழுது சாயும்போது ஒரே ஒரு குடத்தில் மின்னல் மிச்சமிருந்தது. கரியாடனிடம் முழுக்கண்ணாடி ஒன்றுகூட இல்லை.

நகரில் எரிந்தது ஒரு வைக்கோற்போர் மட்டுமே.

அரசியாரே, திரைக்காக நன்றி சொல்லத்தான் எழுத்தாணி எடுக்கச் சொன்னோம். எழுதும்போதுதான் தெரிகிறது, அதைவிடப் பெரிய நன்றி வேறொன்றுக்கு. தன் கைவேலை எதற்கு ஆகாது என்பதை, தலை போகும் என்று தெரிந்தும் சொல்லும் ஒருவரை அனுப்பினீர்கள். ஒன்பதாயிரம் பேர் இன்று தத்தம் கூரையின் கீழ் உண்கிறார்கள். இக்கடனை எம் வழியினர் மறவார்.

கொற்றியைச் சிறையிட யாம் முத்திரை வைத்த ஓலை, இரண்டாக நறுக்கி, இத்துடன் வருகிறது. சிவப்புப் படிந்த எமது மேலாடையில் அவ்விரு துண்டுகளையும் பொதிந்து, முடிச்சின் மேல் ஏழுமுடி இலச்சினை இட்டோம். அந்த ஆடையைத் துவைக்க விடவில்லை.

கொற்றியை நாற்பது வண்டிகளோடும் படைமரியாதையோடும் தங்கள் வாயிலில் சேர்ப்பிக்கவும், அவையில் தங்களைப் பற்றிச் சொன்ன சொல்லுக்குத் தங்கள் முன் மன்னிப்புக் கேட்கவும் எயினனாரையே பணித்திருக்கிறோம். கைப்புண் ஆறிவருகிறது. சாயவேர்ச் சிவப்பு லேசில் போவதில்லை. மூக்கில் இன்னும் இருக்கிறது. அதைக் கண்டு தங்கள் அவை சிரித்தால், சிரித்து முடியும் வரை அவர் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

இது எமது ஆணை.