இரண்டு சுழி ன

அன்புள்ள கடைசி பெஞ்சுக்கு,

முதல் பெஞ்ச் எழுதுகிறேன். அவரும் மகளும் நானும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நின்றுகொண்டு பெட்டிக்கு டேப் ஒட்டினால் வலிக்காமல் என்ன செய்யும்? டாக்டரைப் பார்க்காமல் தைலத்தையே தேய்த்துக்கொண்டிருக்காதே.

வேலை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். பதில் தாமதமானதிலேயே உனக்குப் புரிந்திருக்கும். இருந்தாலும் முழுவதும் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

நாம் இருவரும் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து பதினாறு வருஷம். நான் ஒன்பது பள்ளிகளில் தமிழ் நடத்திவிட்டேன். ஒன்பதும் யாரோ ஒரு டீச்சரின் பிரசவ விடுப்பில். குழந்தை பிறந்தால் எனக்கு வேலை, அது குப்புற விழுந்தால் நான் வீட்டில். தெருவில் ஒரு டீச்சர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தால், எத்தனையாவது மாதம் என்றுதான் மனசு முதலில் பார்க்கிறது. வெட்கக்கேடு.

இந்த முறை வந்தது நிரந்தர இடம். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். எல்லா இடத்திலும் அப்படித்தானே. எனக்கு அடுத்த மாதம் நாற்பது. இதுதான் கடைசி என்று தெரிந்துதான் போனேன்.

படிவத்தை அலுவலகத்திலேயே உட்கார்ந்து நிரப்பச் சொன்னார்கள். மேலே கொட்டை எழுத்தில் ‘ஆசிரியர் பணி நியமணம்’ என்று அச்சடித்திருந்தது. மூன்று சுழி ண. கை என்னைக் கேட்கவில்லை. பையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து, வட்டம் போட்டு, மேலே இரண்டு சுழி ன எழுதி, கொடுத்தும் விட்டேன். கட்டுரை நோட்டு திருத்தித் திருத்தி வந்த வினை. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

மாதிரி வகுப்பு நன்றாகவே போனது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். மணி அடித்ததும் ஒரு பெண், "டீச்சர், நாளைக்கும் நீங்கதான் வருவீங்களா" என்று கேட்டாள். வருவேன் என்று சொல்லிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

பிறகு தாளாளர் அறை. அவர் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்து, "இது யாரு போட்ட வட்டம்" என்றார். செய்தது அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பழக்கதோஷம் என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அங்க ரெண்டு சுழி ன வரணும் சார்" என்றேன். அதை எழுதியதே தான்தான் என்றார் அவர். பக்கத்தில் தலைமையாசிரியை குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் தமிழ் டீச்சராக இருந்தவராம். இத்தனை வருஷம் அந்தப் படிவத்தைப் பார்த்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார். பிழைக்கத் தெரிந்தவர்.

நேற்று காலை பதில் வந்தது. வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். என் வீட்டுக்காரர் வாசித்துவிட்டு மடித்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு தடவையும் "விடு, அடுத்தத பாத்துக்கலாம்" என்பார். நேற்று அதைச் சொல்லவில்லை. பட்டறைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

உன்னிடம் ஓர் உதவி. படித்த படிப்பை விட்டுவிட்டு நீ பெட்டி கட்டப் போனபோது உன்னை என்னவெல்லாம் பேசினேன் என்று நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய். உங்கள் கம்பெனியில் இன்னும் பெண்களை எடுப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, மேற்பார்வையாளரிடம் எனக்காகக் கேட்டுப் பார். நாள் முழுக்க நிற்பது எனக்குப் பழக்கம்தான். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று நீ யோசிப்பாய். நேற்றே சம்மதித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அதிகம் படித்தவர்களை அங்கே எடுக்க மாட்டார்கள் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டால், பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டாள் என்று சொல். நான் வந்தாலும் அதையே சொல்வேன்.

நீயும் உன் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பதில் போடு. இடம் இல்லை என்றாலும் போடு.

உன்,
முதல் பெஞ்ச்