லீவரில் கை பட்டதாம்

பிப்ரவரி 4, செவ்வாய்

புது சேஃப்டி ஷூ இடது குதிகாலைக் கடித்துவிட்டது. பெண்கள் காலுக்கு ஷூ செய்ய மாட்டார்களாம். இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள் என்று ஸ்டோரில் அறிவுரை மட்டும் இலவசமாகக் கிடைத்தது.

காலையில் ஒரு பம்ப், மதியம் இரண்டு ஹோஸ். நடுவில் டாக்டரின் தரிசனம். ஸ்க்ரூ டிரைவர் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மெஷின்களைப் பழுதுபார்க்கிற எங்கள் யார்டின் ஃபோர்மேன். பிரஷர் கேஜ் வைத்து அளக்கலாமே என்றால் சிரிப்பார். மற்றவர்கள் அவரை டாக்டர் என்று கூப்பிடுவது மரியாதையில். நான் கூப்பிடுவது வயிற்றெரிச்சலில்.

பதினான்கு மாதமாகிறது. தம்பி ஓட்டிக்கொண்டிருந்த ஏழாம் நம்பர் எக்ஸ்கவேட்டர், பூமில் சிமெண்ட் குழாயைத் தூக்கிப் பிடித்திருந்தது. அந்த நீளக் கை தானாக இறங்கி, பள்ளத்தில் குழாய் பதிக்க நின்றவரின் காலை நசுக்கிவிட்டது. டாக்டர் போய்ப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதினார். மெஷினில் கோளாறு இல்லை, ஓட்டுநரின் கை லீவரில் பட்டிருக்கிறது. அதை எல்லாரையும் கூட்டி நிறுத்தி வாசித்தும் காட்டினார். தம்பிக்கு அன்றோடு வேலை போயிற்று. பேச்சும் போயிற்று.

லீவரில் கை பட்டதாம். பன்னிரண்டு வருஷம் ஓட்டியவனுக்கு!

பிப்ரவரி 6

தம்பி இன்றும் ஷேவ் செய்யவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஏழாம் நம்பர் யார்டுக்கு வந்திருக்கிறது. பூமைத் தூக்கி வைத்தால் சில சமயம் தானாக இறங்குகிறதாம். புது ஓட்டுநர் பயந்துபோய் இனி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

டாக்டர் வேறு சைட்டுக்குப் போயிருக்கிறார், வியாழன்வரை வர மாட்டார். முதலாளி எனக்குப் போன் செய்து நீயே பார் என்றார். பார்க்கிறேன் என்று அடக்கமாகச் சொன்னேன். போனை வைத்ததும் ஏழாம் நம்பரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

பூமைத் தூக்கி, இன்ஜினை நிறுத்தி, சிலிண்டர் தண்டில் சாக்பீஸால் கோடு போட்டேன். கீழே யாரும் வராமல் கயிறு கட்டினேன். பத்து நிமிஷம். கோடு அசையவில்லை. மறுபடி தூக்கினேன், அசையவில்லை. ஒன்பது முறை அப்படியே நின்றது. பத்தாவது முறை என் கண்ணெதிரே ஒரு சாண் இறங்கியது. லீவர் பக்கத்தில் ஈ காக்கை இல்லை.

கோளாறு சிலிண்டர் சீலிலா, வால்விலா? தண்டுப் பக்கத்து ஹோஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். சீல் போயிருந்தால் அந்த வாயில் எண்ணெய் கசிய வேண்டும். பூம் இறங்கியது, ஆனால் ஒரு சொட்டு வரவில்லை. அப்படியானால் எண்ணெயைப் பூட்டி வைக்கிற வால்வுதான்.

காதால் கேட்டு எழுதினாரே, இது காதில் கேட்குமா ஐயா?

பிப்ரவரி 13, வியாழன்

கிடைத்துவிட்டது.

வால்வைப் பிரித்தேன். உள்ளே அடைப்பான் போய் உட்காருகிற இடத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைத் துணுக்கு. தண்ணீர்க் குழாய் மரையில் சுற்றுவார்களே, அந்த டேப். எண்ணெய் லைனில் அதைச் சுற்றவே கூடாது. பிய்ந்து உள்ளே போய்விடும் என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பார்கள். துணுக்கு ஓரமாக ஒதுங்கினால் பூம் நிற்கும், நடுவில் மாட்டினால் இறங்கும். மெயின் வால்வும் தேய்ந்துபோன பழைய மெஷின். இந்த ஒன்றை நம்பித்தான் அவ்வளவு எடையும் நின்றிருக்கிறது.

ஆபீஸ் பீரோவில் ஏழாம் நம்பரின் ரிப்பேர் விவரம் எழுதிய பழைய ஜாப் கார்டைத் தேடி எடுத்தேன். விபத்துக்குப் பதினொரு நாள் முன்பு: "பூம் ஹோஸ் மூட்டில் கசிவு. சைட்டில் சரி செய்யப்பட்டது." கீழே டாக்டரின் கையெழுத்து, வாலைச் சுழித்துக்கொண்டு.

மாட்டிக்கிட்டார். வசமா மாட்டிக்கிட்டார். டேப்பைச் சுத்தினது இவரு, பழி என் தம்பி மேல. பதினாலு மாசம் அவன் சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வச்சிட்டு எந்திரிச்சுப் போனான், இவரு இங்க மூணு வேளை டீ குடிச்சாரு.

தனியாகக் கூப்பிட்டுக் கேட்கப்போவதில்லை. திங்கள்கிழமை மீட்டிங்கில், எல்லார் எதிரிலும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாளைக்குப் பேசவேண்டியதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். குரலை உயர்த்தக் கூடாது. அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசக் கூடாது. அவர் முகம் சுருங்குவதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பெண் பார்க்க யாராவது வருகிறார்களா என்று அம்மா கேட்டாள். நாற்பத்தொரு வயதுக்காரியைப் பார்க்க வருகிறவன் கால் கடுக்க நிற்க வேண்டியதுதான் என்றேன். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. முடித்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

முடித்துவிட்டேன்.

முதலாளி, இருபத்திரண்டு மெக்கானிக்குகள், ஸ்டோர், ஆபீஸ், எல்லாரும் இருந்தார்கள். டேப்பை வெள்ளைக் காகிதத்தில் வைத்தேன், பக்கத்தில் கார்டு. டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு டேப்பைப் பார்த்தார். அப்புறம் என்னை. வெகுநேரம் என்னை.

"ஆமா. கையெழுத்து என்னோடதுதான்" என்றார். அவ்வளவுதான். மறுப்பார், கத்துவார், அப்போது சொல்லலாம் என்று நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாயிற்று. அங்கேயே அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். தம்பியைத் திரும்ப எடுக்கச் சொன்னார் முதலாளி.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். எழுந்து குதிப்பான் என்று பார்த்தேன். "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன். இன்னும் சோறு போடாத தட்டை எடுத்துப்போய்க் கழுவி வைத்தான்.

அதிர்ச்சியாக இருக்கும். நல்லது நடந்து பழக்கமில்லை பாவம். நான் இரண்டு பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

டாக்டர் லாக்கரைக் காலி செய்தார். வேலை இருப்பதுபோல எதிரிலேயே நின்று பார்த்தேன். கெஞ்சுவார் என்று ஓர் ஆசை. போகும்போது தம்பி எப்படி இருக்கிறான் என்று விசாரித்தார். இனிமேல் நன்றாக இருப்பான் என்று சொன்னேன், கத்தியில் தேன் தடவியதுபோல. தலையாட்டிவிட்டுப் போனார்.

அது ஏன் எனக்கு இனிக்கவில்லை?

பிப்ரவரி 21

புது ஆள் வரும்வரை நான்தான் ஃபோர்மேனாம். தம்பி திங்களன்று சேர வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தம்பி வந்து தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, அந்த டேப்பைச் சுத்தினது நான்."

காதில் சரியாக விழுந்தது. ஆனாலும் என்ன என்றேன்.

விபத்துக்கு முன்பு அந்த ஹோஸ் மூட்டில் கசிந்ததாம். டாக்டருக்குப் போன் செய்தானாம். அவர் வர முடியாது, நீயே இறுக்கிப் பார், கார்டு நான் போட்டுக்கொள்கிறேன் என்றாராம். இறுக்கியும் நிற்கவில்லை. வேலை நிற்கக் கூடாது என்று டேப்பைச் சுற்றியிருக்கிறான். விபத்தன்று டாக்டர் வந்து மூட்டைப் பிரித்ததும் டேப்பைப் பார்த்துவிட்டார். துடைத்துச் சுத்தம் செய்து, பூமைப் பத்துத் தடவை தூக்கிப் பார்த்து, இறங்காமல் நின்றதும், லீவர் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்.

"கை பட்டுச்சுன்னா வேலையோட போயிடும். மெஷின்ல கை வச்சேன்னு எழுதினா ஜெயில்னு சொன்னாரு."

ஏன்டா என்கிட்ட சொல்லல என்று கேட்டேன்.

"லீவர்ல நெஜமாவே கை பட்டிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்க்கா. அப்படியே இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்."

பிப்ரவரி 24, திங்கள்

தம்பி வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று முதலாளியிடம் பொய் சொன்னேன்.

யார் மேல கோவப்படறது இப்போ? இவன் மேலயா? கன்னத்துல ஒண்ணு விடலாம்னு போனேன், தூங்கிட்டிருந்தான். பதினாலு மாசத்துல அப்படித் தூங்கி நான் பார்க்கல.

வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சுபம். டாக்டர் சொல்ல மாட்டார். சொல்வதாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். தம்பிக்கு வேலை, எனக்கு நாற்காலி. நான் கேட்டதும் அதுதானே?

பிப்ரவரி 26, புதன்

டாக்டர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்ததுமே தம்பி சொல்லிவிட்டான் என்று புரிந்துகொண்டார். மீட்டிங்கில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போட்டது நான். அந்த மெஷினை மறுபடி வேலைக்கு அனுப்பினதும் நான். உன் தம்பிக்காகன்னு நெனச்சுக்காத."

நன்றி சொல்லக்கூட விடாத மனுஷன். எனக்கு அவரை இன்னும் பிடிக்கவில்லை. வாசலில் சொல்லிவிட்டு வந்தேன், நான் ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதப்போகிறேன், உங்கள் கையெழுத்தும் அதில் வரும் என்று. எழுது என்றார்.

பிப்ரவரி 27

எழுதிக் கொடுத்தேன். டேப் சுற்றியது ஓட்டுநர். பார்க்காமல் கையெழுத்திட்டது ஃபோர்மேன். முதலாளி இரண்டு முறை படித்துவிட்டு, இது உன் தம்பிதானே என்றார். ஆமாம் என்றேன். விசாரணைக்குப் போகிறது.

மார்ச் 2, ஞாயிறு

கால் போனவர் வீட்டுக்கு நானும் தம்பியும் போனோம். தம்பிதான் போக வேண்டும் என்றான். மாடியில் ஒற்றை அறை. கட்டிலில் உட்கார்ந்திருந்தார், ஒரு முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. அவர் மனைவி ஸ்டூலைக்கூட நகர்த்தவில்லை. தம்பி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "டேப் கேட்டப்ப எடுத்துக் கொடுத்ததே நான்தானேப்பா" என்றார்.

குழாய் பதிக்கிறவர் பையில்தான் அந்த டேப் இருக்கும். எனக்கு ஏன் இது ஒரு நாளும் உறைக்கவில்லை?

"கொடுத்தவருக்குக் கால் போச்சு. சுத்தினவரு படியேறி வந்திருக்காரு" என்றாள் அவர் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "பதினாலு மாசமா உங்களுக்கு வழி தெரியலையா?"

தம்பியின் வேலை, தம்பியின் பேர், தம்பியின் தூக்கம் என்று இந்த நோட்டில் எத்தனை பக்கம். இவர் காலைப் பற்றி எழுதியது ஒரு வரி.

கிளம்புங்க என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

மறுபடி போனோம். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். அடுத்த ஞாயிறும் போகலாம் என்கிறான் தம்பி.

அவள் கோபம் தணியட்டும் என்று வேண்டிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் கோபம்தான் பதினான்கு மாதம் சோறு போட்டது. அவளுக்கும் இருக்கட்டும்.