தொட்டில் மரத்துக்கு ஒரு கை குறைகிறது

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. சமையலறைக் கூரை ஒழுகுவதைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கிற சின்ன ஆளும் சுகமாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதே.

தொட்டில் என்னாச்சு என்று போனில் கேட்டாய், வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் கடிதம். நீ இங்கே இருந்தபோது விறகு பொறுக்கக்கூட வன அலுவலகத்து வாசலில் கால்கடுக்க நின்றோம் இல்லையா, அந்தக் கதை இப்போது மாறிவிட்டது. காட்டுக்கு நம் மலைச்சனமும் வனத்துறையும் சேர்ந்துதான் பொறுப்பு, இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே குழு, அதில் உன் அம்மாவும் ஒருத்தி. நம் பழைய வழக்கத்தையே விதியாக வைத்தோம், ஒரு மரத்தை வெட்ட வேண்டுமானால் குழுவில் எல்லோரும் அதன்மேல் கை வைக்க வேண்டும், ஒரு கை குறைந்தாலும் மரம் நிற்கும். ஓடை வளைவில் இருக்கிற பெரிய மரத்தைக் கேட்டிருந்தேன், உனக்குத் தொட்டில், மீதியில் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு. புது வனக்காவலர் முறுக்கிக்கொள்வாரோ என்று பயந்து அவர் பின்னாலேயே அலைந்தேன். அந்த மனுஷன் வெட்டுகிற நாள் காலையில் முதல் ஆளாக வந்து தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையை வைத்துவிட்டார். தச்சர் ரம்பத்தோடு தயார். எல்லாக் கையும் வந்தாயிற்று, உன் அம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறாள். மேலே பொந்தில் இருவாச்சிப் பறவை முட்டையிட்டிருக்காம், பெட்டை வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்குதாம், ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டுதாம். உன் பேரப்பிள்ளைக்குத்தானேடி கேக்குறேன் என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அதுவும் பிள்ளைத்தாச்சிதான் என்றாள். இதை வீட்டிலேயே சொல்லித் தொலைக்கறதுதானே என்றேன், வீட்டுல என்னை யாரு கேட்டா என்றாள். வனக்காவலர் சிரிப்பை அடக்க இருமினார். ஊரையெல்லாம் சரிக்கட்டினேன், வீட்டை மறந்துவிட்டேன் பார்.

கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது தினமும் காலையில் நானே போய் அந்த ஆண் பறவைக்காகக் காத்திருக்கிறேன், அது வரத் தாமதமானால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. குஞ்சு பறந்த பிறகாவது கை வைப்பாயா என்று நேற்றுக் கேட்டேன். அப்பவும் ஒரு கை குறையுதே, அதுல தூங்கப்போற ஆளோட கை வர வேண்டாமா என்கிறாள். தச்சர் இதைக் கேட்டுத் தொட்டில் அளவை அடித்துவிட்டுக் கட்டிலுக்கு அளவு போட்டுக்கொண்டார். காற்றில் விழுந்த கிளையில் அவரே கடைந்த கிலுகிலுப்பையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், விழுந்த மரத்துக்கு யார் கையும் தேவையில்லை. தொட்டிலை அங்கேயே கடையில் வாங்கிக்கொள்.

சுகமாகப் பெற்றெடு, நூறு வயது இரு. பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் கூட்டிக்கொண்டு வா, மறந்துவிடாதே. வந்து அந்த மரத்தின்மேல் கை வைக்கட்டும், வைக்கமாட்டேன் என்று அதுவும் அடம்பிடித்தாலும் சரி, மரம் நிற்கட்டும். எனக்கு அந்தக் கையைப் பார்க்க வேண்டும்.

உன் வரவுக்கு ஏங்கும்
அப்பா