மாமா சொன்னால் பாதி

மார்ச் 4

என் அக்கா பெற்ற செல்வமே, கப்பல் இன்ஜினியரம்மா,

நான் இப்போது எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள். பத்துப் பேரைச் சாட்சிக்கு நிறுத்தினால் அந்தப் பத்துப் பேரும் நம்பமாட்டார்கள். ஆனாலும் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்து, இடது கையில் ஊசியோடு எழுதுகிறேன். இரண்டு கையும் இப்படியிருந்தால் எதால் எழுதுகிறாய் என்று கேட்காதே. நல்ல கதைகளை அப்படித்தான் கெடுக்கிறார்கள்.

உன் பூனை துரை என் வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. வீடு நாறுகிறது. சாதாரண நாற்றம் இல்லை. ஜன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவர்கள் எதிர் நடைபாதைக்கு மாறுகிறார்கள். மீன் டப்பாவைத் திறந்த முதல் நாள் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது. துரை ஒரு நாளைக்கு ஒன்பது தடவை ஒன்றுக்குப் போகிறார். ஆறு தடவை மண் தட்டில், இரண்டு தடவை என் செருப்பில், மிச்சம் ஒரு தடவை எங்கே என்பதை மூக்கால் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஊசி விஷயம். முதலில் சாப்பாடு. சாப்பிட்டால்தான் ஊசி. ஃப்ரிட்ஜிலிருந்து இன்சுலினை எடுத்து, குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுகிறேன். பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, ஒரு யூனிட். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு போட்டதில் ஊசி தோலின் அந்தப் பக்கம் வெளியே வந்து, மருந்து முழுக்க ரோமத்தில். கையெல்லாம் ஆஸ்பத்திரி வாடை. மறுபடி போடக்கூடாது என்று நீ எழுதி ஒட்டியிருந்ததால் போடவில்லை. அதற்கப்புறம் கண்ணைத் திறந்துகொண்டே போடுகிறேன்.

டாக்டரம்மாவிடம் நான் நேரே பேசமுடியாது என்பது உனக்கே தெரியும். முதல் தடவை போனபோது, துரை ஒரே வேளையில் நாலு கிலோ கறி சாப்பிட்டான் என்று சும்மா ஒரு அழகுக்குச் சொன்னேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், பூனையே அஞ்சு கிலோதான்."

"அதான் டாக்டர் எனக்கும் ஆச்சரியம்."

"நீங்க இனிமே என்கிட்ட பேசாதீங்க. உங்க மருமகளை எழுதச் சொல்லுங்க."

ஆகவே நான் உனக்கு, நீ டாக்டருக்கு, டாக்டர் உனக்கு, நீ எனக்கு. ஒரு பூனையின் காதில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் பாதி உலகத்தைச் சுற்றி வருகிறது.

இன்றைய சர்க்கரை: காலை 388. சாயங்காலம் 412.

ஊசி வேந்தனாகிய
உன் தாய்மாமன்

*

மார்ச் 7

அன்புள்ள மாமா,

நலம். உங்கள் கடிதத்தை என்ஜின் அறையில் நின்றபடியே படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் எண்ணெய் போடுகிறவர் ஓடிவந்து, என்ன வெடித்தது என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு தடவைதான் இங்கே கடிதம் வந்துபோகும். உங்கள் கடிதம் வரும் நாள்தான் எனக்கு விடுமுறை.

செருப்புக்கு மன்னிப்பு. வந்ததும் நல்ல தோல் செருப்பாக வாங்கித் தருகிறேன்.

அம்மாவுக்கும் எழுதினேன். "மாமா சொன்னா பாதிடி, மறந்துட்டியா?" என்று பதில் போட்டிருக்கிறாள். மறப்பேனா? நீங்கள் அடித்த பாம்பு பன்னிரண்டடி என்றால் ஆறடி. உங்களைத் துரத்திய நாய் எட்டு என்றால் நாலு. நாலிலும் ஒன்று உங்களைப் பார்த்து வாலாட்டியது என்று அம்மா சொல்வாள். நம் வீட்டில் வாய்ப்பாட்டுக்கு முன்னால் நான் படித்தது இதைத்தான்.

டாக்டர் எண்களைப் பார்த்துத் திருப்தி என்று எழுதியிருக்கிறார். அதே ஒரு யூனிட், காலை ஏழு, சாயங்காலம் ஏழு. கூட்டவேண்டாம்.

நீங்கள் துரையைப் பார்த்துக்கொள்வதால்தான் நான் இங்கே நிம்மதியாக வேலை பார்க்கிறேன். ஒன்பது வருடம் என்னோடு இருந்தவன். திட்டினாலும் பரவாயில்லை, நேரத்துக்கு ஊசி போடுங்கள்.

அன்புடன்
உங்கள் மருமகள்

*

மார்ச் 15

இன்ஜினியரம்மா சமூகத்துக்கு,

திருப்தியா? 412-க்கா? அந்த டாக்டரம்மாவைத் திருப்திப்படுத்துவது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் நாலு கிலோ கறிக்கு நான் இவ்வளவு திட்டு வாங்கியிருக்கவேண்டாம். இருக்கட்டும், படித்தவர் சொல்கிறார்.

துரை இப்போது பாத்திரத் தண்ணீரைக் குடிப்பதில்லை. அது அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. குளியலறை வாளியில் தலையை விட்டுக் குடிக்கிறார். நேற்று ஏரி ஒன்று வற்றியதாகப் பேப்பரில் வந்ததே, அவர்தான். சாப்பாடும் இரண்டு மடங்கு. ஆனால் முதுகைத் தடவினால் சீப்பைத் தடவுகிற மாதிரி இருக்கிறது. ரோமம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. தொட்டபின் மூன்று தடவை சோப்புப் போட்டேன், சோப்பே கெஞ்சியது.

அடுத்தது, நீ நம்பப்போவதில்லை. துரை பின்னங்கால்களில் குதிகாலை ஊன்றி நடக்கிறார். விரலில் நடக்கவேண்டிய பூனை, பெரிய மனிதர்கள் செருப்பைத் தேய்த்து நடப்பார்களே, அப்படி நடக்கிறது. மேஜைமேல் ஏறத் தாவினார், ஏறவில்லை. யாரும் பார்க்கவில்லையே என்று என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

இன்னொன்று. வாய். மீன் நாற்றமாவது குடும்ப நாற்றம் என்று சகித்திருந்தேன். இப்போது கொட்டாவி விட்டால் நகப்பூச்சு அழிக்கிற மருந்து வாடை அடிக்கிறது. குமட்டிக்கொண்டு வருகிறது. தினம் யாராவது அவருக்கு நகம் அலங்காரம் செய்கிறார்களோ என்று சந்தேகம்.

காலை 430. சாயங்காலம் 446.

வாளி காவலனாகிய
உன் மாமன்

*

மார்ச் 18

அன்புள்ள மாமா,

நகப்பூச்சு! பன்னிரண்டடிப் பாம்பையெல்லாம் இது தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. சமையல்காரர் வரைக்கும் படித்துக் காட்டினேன்.

ஆனால் சிரித்து முடித்தபின் கொஞ்சம் பயமாக இருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். நிஜமாகவே காதில் குத்தி அளக்கிறீர்களா, இல்லை உட்கார்ந்த இடத்தில் கதையோடு சேர்த்து எண்ணையும் எழுதிவிடுகிறீர்களா? இது விளையாட்டில்லை மாமா. டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும். அதிகமாகப் போட்டால் ஒரே நாளில் உயிர் போய்விடும்.

பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் இடம் கேட்டிருக்கிறேன். இருபத்தைந்தாம் தேதி வந்து துரையை அழைத்துப்போவார்கள். உங்களுக்கும் நாற்றத்திலிருந்து விடுதலை. தப்பாக நினைக்காதீர்கள்.

அன்புடன்
மருமகள்

*

மார்ச் 21

துரையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன்.

இன்று காலை சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கிடந்தான். எழுந்திருக்கவில்லை. வாந்தி. துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் காதில் குத்தினார். 438. இதில் பாதியாக்க ஒன்றுமில்லை, அவருடைய மெஷின்.

"எப்படி சார் இது? உங்க மருமக இருநூத்துச் சொச்சம்னுதானே எழுதியிருக்காங்க!"

"யாரு?"

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். 194. 206. 215. 223.

நாலும் என் எண்களின் சரிபாதி.

முப்பத்தொரு வருடம் எடைமேடையில் லாரிகளை எடை போட்டவன் நான். வெளியே வந்து அந்த லாரி யானையைவிடப் பெரிசு என்று கதை அளந்திருக்கிறேன். சீட்டில் முள் காட்டியதைத் தவிர ஒரு கிலோ கூட்டி எழுதியதில்லை. என் வாயை நம்பாதே. நம்பவேண்டாம். என் எண்ணில் கை வைக்க உனக்கு யார் சொன்னது?

வாய் வாடை, குதிகால் நடை, எல்லாம் சர்க்கரை ஏறிப்போனதன் அடையாளமாம். சர்க்கரை வியாதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்குமாம்.

மாமா

*

மார்ச் 22

மாமா,

யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போட்டது. முதல் கடிதத்தில் 388 என்று பார்த்ததும், மாமா சொன்னால் பாதி என்று 194 எழுதி அனுப்பிவிட்டேன். சரியா தப்பா என்று யோசிக்கக்கூட இல்லை. தினமும் அழுத்தமானி முள்ளைப் பார்த்து எழுதுகிறவள் நான். ஒரு எண்ணைப் பாதியாக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? என் கையை எனக்கே தொடப் பிடிக்கவில்லை.

ஒரு வாரமாக அவன் செத்துக்கொண்டிருந்தான். நீங்கள் ஒன்றுவிடாமல் எழுதினீர்கள். நான் அதைச் சமையல்காரருக்குப் படித்துக் காட்டிச் சிரிக்க வைத்தேன்.

டாக்டருக்கு நடந்ததை அப்படியே எழுதிவிட்டேன். இனி உங்களிடமே நேரே எண்ணை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். விடுதியை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஆனால் இனிமேல் துரையை வைத்துக்கொள்ள உங்களுக்கு மனசில்லை என்றால் சொல்லுங்கள், அடுத்த துறைமுகத்தில் இறங்கி வந்துவிடுகிறேன்.

பிழைப்பானா மாமா? எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். நான் அப்படியே படிக்கிறேன்.

மருமகள்

*

மார்ச் 28

என் அக்கா பெற்ற அவசரக்குடுக்கையே,

இறங்காதே. கப்பலை ஓட்டு.

உன்மேல் மூன்று நாள் பேசமுடியாத கோபம். நீ பாதியாக்கிக்கொண்டால் ஒன்றரை நாள். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்ததில் அதுவும் கரைந்துவிட்டது. குழந்தையாக இருந்த உனக்கு மாமா சொன்னால் பாதி என்று கற்றுக்கொடுத்தது யார்? உன் அம்மா பேரைச் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பாம்பைப் பன்னிரண்டடி ஆக்கியது என் வாய்தானே. துரையின் வாயை முகர்ந்து குமட்டியபோதெல்லாம் என் வாய் எப்படி நாறுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் சொட்டு மருந்து. மூன்றாம் நாள் காலை சொட்டு மருந்துக் குழாயைக் கழற்றிய டாக்டரைத் துரை கடித்தார். கடித்ததும் அந்த அம்மாள், "அப்பாடா, தேறிட்டான்!" என்றார். கடி வாங்கிச் சந்தோஷப்பட்ட மனுஷியை அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னிடம் திரும்பி, "சார், நீங்க எழுதினதை நான் நேரா கேட்டிருக்கணும்" என்றார். நான் பதிலுக்கு, "நாலு கிலோ இல்ல டாக்டர், நாலு துண்டு" என்றேன். இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

மருந்து இரண்டு யூனிட் ஆகியிருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் 231. அதை அப்படியே வைத்துக்கொள்.

துரை வீடு திரும்பிய ஊர்வலத்தை நீ பார்த்திருக்கவேண்டும். வழிநெடுகப் போக்குவரத்து நின்றது. பஸ்கள் ஓரம் கட்டின. மூன்று நாய்கள் எழுந்து நின்று வணங்கின. வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரே தாவலில் பீரோ உச்சிக்குப் போய், அங்கிருந்து என் தலைமேல் குதித்து, தலையணையில் வாந்தி எடுத்து, அதன்மேலேயே தூங்கினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்தேன்.

டாக்டர் எனக்குப் புது உத்தியோகம் கொடுத்திருக்கிறார், அதைச் சொன்னால் உன் அம்மா என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். தினம் காலையில் மண் தட்டில் துரையின் மூத்திரம் கட்டியாக உறைந்திருக்கும் உருண்டைகளைக் கரண்டியால் எடுத்து, சமையலறைத் தராசில் வைத்து நிறுத்து எழுதவேண்டும். சர்க்கரை அதிகமானால் உருண்டை பெரிசாகும், அடங்கினால் சின்னதாகும். எத்தனை டன் லாரியை நிறுத்தவன்! என் கடைசிச் சம்பளச் சீட்டு இதைப் பார்த்தால் அழும். கையுறை இரண்டு ஜோடி, மூக்கில் துணி, வாயில் இதுவரை எழுத்தில் வராத வசவுகள். முதல் நாள் தேங்காய் அளவு ஒன்று இருந்தது. தராசே கண்ணை மூடிக்கொண்டது.

பஸ்களை நம்பாதே. நாய்களை நம்பாதே. பீரோவும் பொய், அவனால் இன்னும் நாற்காலிமேலேயே ஏறமுடியவில்லை. ஆனால் இன்று காலை ஏழு மணிக்கு நான் நிறுத்த உருண்டை எலுமிச்சை அளவு. முப்பத்தொன்பது கிராம். குமட்டலோடு குமட்டலாக இரண்டாவது தடவையும் நிறுத்துப் பார்த்தேன், அதே முப்பத்தொன்பது. அது மட்டும் நிஜம்.

உன் மாமா