மென்ட் யார் வீட்டுச் சொல்

செவ்வாய், இரவு

இன்று என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னார்.

பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சே இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், "வார்த்தையில பாதிய நீங்க சொல்லுங்க மேடம், மீதிய சார் முடிக்கட்டும்" என்றிருந்தாள். அவர் பிரெஞ்சு வாத்தியார், நான் இங்கிலீஷ் டீச்சர். இங்கிலீஷிலேயே ஆரம்பித்தேன்.

"பே..." என்றேன்.

வெகுநேரம் கழித்து, "மாங்" என்றார்.

"மாங் இல்லீங்க, மென்ட். பேமென்ட்."

தலையை ஆட்டி மறுத்தார். மறுபடியும் "மாங்".

பிரெஞ்சில் 'மென்ட்'டை 'மாங்' என்றுதான் சொல்வார்கள்; அவர் பிரெஞ்சில் முடிக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து நடக்கும் சண்டை இது. வார்த்தைக் கடைசியில் வரும் அந்த 'மென்ட்' பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்குப் போனது, நாங்கள் கொடுத்தது என்பார்.

மெல்ல, "எங்களுது" என்றார்.

அழுகை வந்துவிட்டது. "ஆமாங்க, உங்களுதுதான்" என்றேன். இதற்கு முன் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. அவர் முகம் வாடிப்போயிற்று. பாவம் பார்க்கிறேன் என்று தெரிந்துவிட்டது போல.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பழையபடி எகிறினேன். "வந்த புதுசுல உங்க வார்த்தைங்களோடதான் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் எங்க சொந்த இங்கிலீஷ் வார்த்தை ஃபுல்ஃபில் கூடச் சேர்ந்து ஃபுல்ஃபில்மென்ட் ஆயிடுச்சு. எங்க வீட்டுக்கு வாழ வந்தது எங்களுதுதான்!"

வாய் ஒரு பக்கம் கோண, சத்தமாகச் சிரித்தார். மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பாரீசில் இருக்கும் மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம். இன்று ஓர் இரவு இது எனக்கு மட்டும் இருக்கட்டும்.