முசுறுக் கூட்டின் நூல்

பங்குனி 18, சனிக்கிழமை. ஸ்ரீரங்கம்.

எழுத்துகள் கோணல்மாணலாக விழுகின்றன. முதியோர் பள்ளியில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது, பொறுக்க வேண்டும்.

மாமரத்தில் கட்டிய கொடியில் துணி காயப்போட்ட என் மனைவி ராஜாமணியை அந்த மரத்து முசுறு எறும்புகள் கழுத்தில் கடித்துவிட்டன. கம்பில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, கூட்டைக் கொளுத்தச் சொன்னாள். தீப்பெட்டியோடு மரத்தடிக்குப் போனேன்.

தாழ்ந்த கிளையில் புதுக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்வி, இரண்டு இலைகளை இழுத்து நெருக்கின. வேறு சில, வெள்ளைப் புழுவை வாயில் பிடித்து, இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக ஆட்டின. புழுவின் வாயிலிருந்து நூல் வந்தது. இத்தனை வருஷமும் அதைச் சிலந்தி நூல் என்றே நினைத்திருந்தேன்!

"ராஜாமணி, ஓடி வா!"

"கொளுத்தியாச்சா?"

"அந்தப் புழு அதுங்க குஞ்சு. குஞ்சை வச்சே கூட்டைத் தைக்குதுங்க, பாரு."

வெகுநேரம் பார்த்தாள். "நானும் பெரியவனை இடுப்புல வச்சுக்கிட்டுத்தானே நாத்து நட்டேன்," என்றாள். பிறகு என்னை முறைத்தாள். "சும்மா நிக்கிறீங்களே. கொடியை அவுத்து வேப்ப மரத்துல கட்டுங்க."

கட்டினேன். இவ்வளவு எழுதியதில் விரல் வலிக்கிறது. அந்த இரண்டு இலைகளும் ஒட்டினவா என்பதை அடுத்த சனிக்கிழமை எழுதுவேன்.